47 ஆண்டுகள் உறங்கிய உயில்: வள்ளல் பச்சையப்பர் வரலாறு

பீன்யாவிலும் தாசரஹள்ளியிலும் நம்மவர் நாலு பேர் கூடுமிடத்தில் டிரஸ்ட் என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. சொந்த ஊர்க் கோயிலுக்குத் திருப்பணி, உடன் வேலை பார்ப்பவர் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ், இங்கே இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்ப வண்டிச் செலவு என்று காரணம் பலவாக இருக்கும். பணம் சேர்ப்பதில் அவ்வளவு கஷ்டமில்லை. சேர்ந்த பணம் யார் பேரில் இருப்பது, சேர்த்தவர் காலத்துக்குப் பிறகு யார் கைக்குப் போவது என்கிற இடத்தில்தான் பேச்சு நின்று விடுகிறது.

இதே இடத்தில், 1794ம் ஆண்டில், தமிழ்நாட்டின் பெருஞ்செல்வர் ஒருவரின் தர்மமும் நின்று போயிற்று. அவர் பெயர் பச்சையப்ப முதலியார். சென்னையில் படித்தவர்க்கும் படிக்காதவர்க்கும் பச்சையப்பன் கல்லூரி என்றால் தெரியும். ஆனால் அந்தக் கல்லூரியைப் பச்சையப்பர் கட்டவில்லை, கண்ணால் பார்க்கவுமில்லை. அவர் மறைந்து ஏறக்குறைய 48 ஆண்டுகள் கழித்தே அவர் பணத்தில் முதல் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அவருடைய உயில் என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொண்டால், டிரஸ்ட் என்ற சொல்லின் கனம் விளங்கும்.

தந்தையைக் காணாத பிள்ளை

பச்சையப்பரின் பூர்வீகம் காஞ்சிபுரம். தந்தை விசுவநாத முதலியார், தாய் பூச்சியம்மாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். ஆதரவற்ற நிலையில் அந்த அம்மாள் பெரியபாளையத்தில் இருந்த குடும்ப நண்பர் ரெட்டிராயரிடம் அடைக்கலம் புகுந்தார். அங்கே 1754ம் ஆண்டு பச்சையப்பர் பிறந்தார். ரெட்டிராயரும் மறைந்த பிறகு தாயும் குழந்தைகளும் சென்னைப் பட்டணம் வந்து, பவுனி நாராயண பிள்ளை என்ற துபாஷின் ஆதரவைப் பெற்றார்கள்.

துபாஷ் என்பது இன்று வழக்கொழிந்த உத்தியோகம். இரு மொழி தெரிந்தவன் என்பது அச்சொல்லின் பொருள். ஆங்கில வணிகருக்கும் உள்ளூர்க்காரருக்கும் நடுவில் நின்று பேச்சு முடிப்பது, சரக்கு வாங்கித் தருவது, கணக்கு வைப்பது, கடன் புரட்டித் தருவது ஆகிய யாவும் துபாஷின் வேலை. துரை பெரியவரானால் துபாஷும் பெரியவராவார். பவுனி என்பதே நாராயண பிள்ளையின் பெயரல்ல, அவர் துபாஷாக இருந்த ஆங்கிலக் குடும்பத்தின் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அந்த நாராயண பிள்ளை சிறுவன் பச்சையப்பனுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்க வழி செய்தார். பதினாறு வயதிற்குள்ளாகவே பையன் தரகு பேசிச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டான். பிறகு ஆங்கிலேயருக்குத் துபாஷ், நிலவரி வசூல் குத்தகை, கடன் கொடுக்கல் வாங்கல் என்று படிப்படியாக உயர்ந்தார். சென்னையில் கூவம் கரையிலுள்ள கோமளீசுவரன்பேட்டையில் அவருக்கு வீடு இருந்தது. காலையில் கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வணங்கிய பின்பே வேலைக்குப் புறப்படுவார் என்று சொல்வார்கள். கூவத்தில் நீராட முடிந்த காலம் அது!

நாடு அப்போது அமைதியாக இல்லை. 1780ல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதியில் புகுந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலேயர் பெருந்தோல்வி கண்டனர். ஊர்கள் பாழாயின. நவாபும் தஞ்சை மராட்டிய மன்னரும் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகைக்காகக் கடன் மேல் கடன் வாங்கிக் கொண்டிருந்தார்கள். கையில் ரொக்கமும் துரைமார்களிடம் செல்வாக்கும் உள்ளவருக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. பச்சையப்பர் தஞ்சையில் தங்கி, அரண்மனைக்குப் பணம் கொடுத்து வாங்கும் பெரிய புள்ளியானார். அக்காலத் துபாஷ்களின் செல்வமெல்லாம் குடியானவன் செலுத்திய வரியிலிருந்தும் மன்னர் கட்டிய வட்டியிலிருந்தும் வந்ததே என்பதை மறைக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அதை மாளிகையாகவும் தோட்டமாகவும் ஆக்கினார்கள். பச்சையப்பர் அதைத் திருப்பிக் கொடுக்க நினைத்தார் என்பதுதான் வேற்றுமை.

சிதம்பரத்தின்பால் அவருக்கு அளவற்ற பக்தி. அங்கே கிழக்குக் கோபுரத் திருப்பணியை அவருடைய மாமியார் சுப்பம்மாள் செய்வித்தார். அக்கோபுரத்தில் பச்சையப்பருக்கும் அவர் மனைவி ஐயாளம்மாளுக்கும் சிலைகள் உண்டு. சிதம்பரம் போகிறவர்கள் நடராசரைத் தரிசித்துவிட்டு, கிழக்கு வாசலில் நிமிர்ந்து பார்த்தால் தெரியும்.

கும்பகோணத்தில் எழுதியது

ஐயாளம்மாளுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. பச்சையப்பர் இரண்டாம் தாரமாக வேதாரணியத்துப் பெண் ஒருவரை மணந்தார். அப்போதும் ஆண் வாரிசு நிலைக்கவில்லை. நாற்பது வயதில் உடல்நிலை கெட்டது. 1794 மார்ச் 22ந் தேதி கும்பகோணத்தில் உயில் எழுதி வைத்தார். பிறகு திருவையாற்றுக்குச் சென்று, காவிரிக் கரையில் மார்ச் 31ந் தேதி காலமானார். உயிலுக்கும் மரணத்துக்கும் இடையில் ஒன்பதே நாள்.

சொத்தைச் சிவ, விஷ்ணு ஆலயப் பணிகளுக்கும், திருத்தலங்களில் நடக்க வேண்டிய தர்மங்களுக்கும், ஏழைகளுக்கு உதவிக்கும், சமஸ்கிருதக் கல்விச் சாலைகளுக்கும், பொதுவான நற்காரியங்களுக்கும் செலவிட வேண்டும் என்பது உயிலின் சாரம். நோக்கம் பெரிது. பணமும் ஏராளம். ஆனால் அதை எடுத்து நடத்த, ஒருவர் போனால் மற்றவர் வரும்படியான நிலையான ஒரு சபை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்க அதிகாரம் பெற்றவர் எவரும் இல்லை. ஒரு பெரிய மனிதர் சொத்தை விட்டுவிட்டுப் போனால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. சொத்து யார் பொறுப்பில் இருப்பது என்ற வழக்குகள் தொடர்ந்தன. பணம் வழக்கில் சிக்கியது, தர்மங்கள் நின்றன.

வழக்கு நடந்த கோர்ட்டுகளே மாறிக்கொண்டிருந்தன என்றால் பார்த்துக் கொள்ளலாம். உயில் எழுதிய ஆண்டில் சென்னையில் இருந்தது மேயர் கோர்ட். 1798ல் அதற்குப் பதிலாக ரிக்கார்டர் கோர்ட் வந்தது. 1801ல் அதுவும் போய் சுப்ரீம் கோர்ட் ஏற்பட்டது. கோர்ட்டுகள் மாறின, தலைமுறை மாறியது, பச்சையப்பரின் உயில் மட்டும் அப்படியே கிடந்தது.

முற்காலத்தில் மன்னர்கள் தர்மம் செய்தால் கல்லில் வெட்டி வைத்தார்கள். எவ்வளவு நிலம், எத்தனை விளக்கு, எவ்வளவு நெய், யார் பொறுப்பு, பொறுப்பைத் தவறவிட்டால் என்ன தண்டம் என்பது வரை கோயில் சுவரில் இருக்கும். ஊரார் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதப்பட்டதால் யாரும் கேள்வி கேட்கலாம். ஒரு வகையில் அதுதான் அந்நாளைய பத்திரப் பதிவு. பெட்டிக்குள் இருக்கும் உயிலை யார் கேள்வி கேட்பார்?

நார்ட்டன் துரை

கேள்வி கேட்டவர் ஓர் ஆங்கிலேயர். 1828ல் சென்னை அரசின் அட்வகேட் ஜெனரல் பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன். அவருக்கு முன் அதே பதவியில் இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் தொடங்கிய முயற்சியை இவர் விடாமல் நடத்தினார். இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. தனி மனிதன் சொத்தை இன்னொருவன் பறித்தால் சொத்துக்காரன் வழக்குப் போடலாம். ஊர் ஏழைகளுக்கென்று விட்ட சொத்தை ஒருவன் வைத்துக்கொண்டால் யார் வழக்குப் போடுவது? ஏழை என்ற பெயரில் வாதி கிடையாது. ஆகவே பொதுமக்கள் சார்பில் அரசின் தலைமை வழக்கறிஞரே கோர்ட்டுக்குப் போகலாம் என்பது ஆங்கில நாட்டு வழக்கம். அந்த வழக்கத்தைக் காஞ்சிபுரத்துச் சைவர் ஒருவரின் உயிலுக்குப் பயன்படுத்தினார்கள்.

கோர்ட் தீர்ப்பால் பணம் வெளியே வந்தபோது அசலும் வட்டியுமாகச் சுமார் எட்டு லட்சம் ரூபாய் ஆகியிருந்தது. அதில் ஒரு லட்சம் வராகன், அதாவது மூன்றரை லட்சம் ரூபாய், உயிலில் கண்ட கோயில் கைங்கரியங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதன் வட்டியிலிருந்து மட்டுமே செலவு செய்ய வேண்டும், அசலைத் தொடக்கூடாது. மீதி நாலரை லட்சத்தை என்ன செய்வது? உயிலில் பொதுவான நற்காரியங்கள் என்று சொல்லியிருந்ததைப் பிடித்துக்கொண்டு, கல்விக்குச் செலவிடலாம் என்று கோர்ட் திட்டம் வகுத்தது. தர்மம் செய்தவர் மனத்துக்கு மிக அருகில் இருக்கும் காரியம் எதுவோ அதற்குப் பணத்தைத் திருப்பலாம் என்பது அறக்கட்டளைச் சட்டத்தில் ஒரு கொள்கை. பச்சையப்பர் கேட்டது சமஸ்கிருதக் கல்விச் சாலை. கிடைத்தது ஆங்கிலப் பள்ளிக்கூடம். அவர் உயிரோடிருந்தால் சம்மதித்திருப்பாரா என்று சொல்ல முடியாது. ஆனால் இளமையில் ஆங்கிலமும் கணக்கும் கற்றதால் உயர்ந்தவர் அவர். நியாயமாகப் பார்த்தால் கோர்ட் அவரை மோசம் செய்துவிடவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நிர்வாகம் ஒரே ஆளிடம் விடப்படவில்லை என்பது. இந்துப் பிரமுகர்கள் கொண்ட தர்மகர்த்தா சபை ஒன்று ஏற்பட்டது. கோமளீசுவரன்பேட்டை சீனிவாசப் பிள்ளை அதில் இருந்தவர்களுள் ஒருவர். நார்ட்டன் சபையின் ஆதரவாளராக இருந்து வந்தார்.

காலமும் கூடி வந்தது. 1837ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியிருந்தார். 1841ல் அப்பள்ளி மாணவர் சிலர் மதம் மாறியது நகரத்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. ஆங்கிலம் வேண்டும், ஆனால் பிள்ளை கைவிட்டுப் போய்விடக்கூடாது என்று தவித்த பெற்றோருக்கு, 1842 ஜனவரி 1ந் தேதி பிராட்வேயில் திறக்கப்பட்ட பச்சையப்பர் பள்ளி வரப்பிரசாதமாக வந்தது. வெள்ளையர் பணம் இல்லாமல் தென்னாட்டில் எழுந்த முதல் ஆங்கிலக் கல்வி நிலையம் என்று அதைச் சொல்வார்கள்.

1846ல் சைனா பஜார் அருகே சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டி, 1850ல் திறந்தார்கள். ஏதென்ஸ் நகரத்துப் பழைய கிரேக்கக் கோயில் ஒன்றின் மாதிரியில் பருத்த தூண்களோடு கட்டப்பட்ட பச்சையப்பன் மண்டபம் அது. சென்ட்ரலில் இறங்கி பூக்கடைப் பக்கம் நடந்தால், கடைகளின் கூச்சலுக்கு நடுவே அந்தத் தூண்களைக் காணலாம்.

நம் ஊர்க்காரருக்கு

பச்சையப்பர் காலத்தில் சட்டம் தெளிவாக இல்லை. இன்று அந்தக் குறை சொல்ல முடியாது. 1882ம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் குடும்பத்தார் போன்ற தனிப்பட்டவர்களுக்கான டிரஸ்டுகளைப் பற்றியது, பொது தர்மங்களுக்கு அது நேராகப் பொருந்தாது. ஆனாலும் அதில் சொல்லப்பட்ட அடிப்படை எல்லா டிரஸ்டுக்கும் ஒன்றே. இன்ன சொத்து, இன்ன காரியத்துக்கு, இன்னாருடைய நன்மைக்கு என்று சந்தேகமில்லாமல் இருக்க வேண்டும். பொது நற்காரியம் என்று மொட்டையாக எழுதினால், பச்சையப்பருக்கு நேர்ந்தது போலக் கோர்ட்தான் பொருள் சொல்ல வேண்டி வரும்.

பெங்களூரில் பொது அறக்கட்டளைப் பத்திரம் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவாகிறது. ஸ்டாம்ப் கட்டணத்தோடு, டிரஸ்டை ஏற்படுத்துபவரும் டிரஸ்டிகளும் கையெழுத்திட்டு, சாட்சிகளுடன் பதிவு செய்வார்கள். ஒரு டிரஸ்டி இறந்தால் அல்லது ஊரைவிட்டுப் போனால் அவர் இடத்துக்கு யார், எப்படி வருவது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பத்திரம் ஆன பின் டிரஸ்ட் பேரிலேயே பான் கார்டும் பேங்க் கணக்கும் வேண்டும். வருமானவரி விலக்குக்கு அந்தத் துறையில் தனியாகப் பதிய வேண்டும். சப்-ரிஜிஸ்திரார் முத்திரை விழுந்தால் வரி விலக்கும் வந்துவிட்டது என்று நினைப்பது தவறு. சொந்தச் சொத்தென்று எதுவும் இல்லாமல், மாதச் சந்தா கட்டி எல்லோருமாக நடத்தும் காரியமானால் டிரஸ்டைவிடச் சங்கம் பொருத்தம். 1960ம் ஆண்டின் கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டப்படி அதற்கு ஏழு பேர் இருந்தால் போதும்.

பலர் செய்வது இன்னொன்று. நம்பிக்கையான ஒருவர் பேரில் பணத்தைப் போட்டு, அவர் பேரிலேயே மனையும் வாங்கிவிடுவார்கள். அவர் யோக்கியராகவே இருப்பார். அவர் இறந்த மறுநாள் அந்த மனை அவர் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சொத்தாகிவிடும். பிள்ளைகள் மீது குற்றம் சொல்ல இடமில்லை, காகிதம் அப்படித்தான் சொல்கிறது. அதை மாற்ற ஊரார் கோர்ட்டுப் படி ஏற வேண்டும்.

பதிவான காகிதம் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. பெங்களூர் கண்டோன்மெண்டில் வணிகமும் கட்டட கான்ட்ராக்டும் செய்து பொருளீட்டிய தமிழர் ராவ் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். கப்பன் பார்க்கில் சிவப்பாக நிற்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டியதில் அவருக்குப் பங்குண்டு. 1873ல் அவர் தொடங்கிய கல்வி தர்மம் அல்சூர் ஏரிப் பக்கம் இன்றும் பள்ளி, கல்லூரிகளை நடத்தி வருகிறது. அந்த டிரஸ்டின் நிலம் ஒன்றைத் தாங்கள் வேறு சிலரிடமிருந்து வாங்க ஒப்பந்தம் செய்து, 75 லட்சம் ரூபாய் ரொக்கமாக முன்பணம் கொடுத்ததாகக் கூறிச் சிலர் டிரஸ்ட் மீது வழக்குத் தொடுத்தனர். டிரஸ்டோ பழைய பதிவுப் பத்திரங்களையும் நீண்டகால அனுபோகத்தையும் காட்டிற்று. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வெறும் விற்பனை ஒப்பந்தம் சொத்தில் உரிமை எதையும் தராது என்று கூறி அந்த வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் ரொக்கம் கைமாறியதாகச் சொல்லும் வழக்குகளை வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கோர்ட்டுகளுக்கு உத்தரவிட்டது. தொடங்கியவர் மறைந்து நூறாண்டுக்கு மேலாகியும் அவர் தர்மம் தன் காலில் நின்று வாதாட முடிந்தது.

பிற்காலம்

பச்சையப்பர் பள்ளி 1880ல் இரண்டாம் தரக் கல்லூரியாகவும், 1889ல் முதல் தரக் கல்லூரியாகவும் உயர்ந்தது. கணித மேதை ராமானுஜன் 1906ல் அங்கே எப்.ஏ. வகுப்பில் சேர்ந்து தேர்வில் தவறியதும் அந்தக் கல்லூரியில்தான். அறிஞர் அண்ணா அங்கே படித்துப் பட்டம் பெற்றார். 1940ல் கல்லூரி சேத்துப்பட்டுக்கு இடம் மாறிற்று.

ஒரு குறை நெடுநாள் இருந்தது. இந்து மாணவர்களுக்கு மட்டுமே இடம் என்ற விதி 1947 வரை நீடித்தது. ஒரு காலத்துப் பயத்தில் எழுதிய விதி, அந்தப் பயம் போன பின்பும் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. அது நீங்கிய பின் எல்லாச் சமயத்தாரும் படித்தார்கள். காஞ்சிபுரத்திலும் கல்லூரிகள் ஏற்பட்டன. பிறர் விட்டுச் சென்ற கல்வி தர்மங்கள் சிலவும் பச்சையப்பன் அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தன.

தகராறு மட்டும் முற்றிலும் ஓயவில்லை. அண்மைக் காலத்திலும் நிர்வாகக் குழு பற்றிய வழக்குகளால் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதியை இடைக்கால நிர்வாகியாக நியமிக்க நேர்ந்தது. ஆனால் அப்போது கல்லூரிகள் மூடப்படவில்லை. பொது தர்மத்தில் அக்கறையுள்ள இருவர் கோர்ட்டின் அனுமதி பெற்று வழக்குத் தொடரலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ம் பிரிவு இன்று இடம் கொடுக்கிறது. அட்வகேட் ஜெனரலும் தொடரலாம். அன்று நார்ட்டன் உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்குரிய அதிகாரம் அது. சிதம்பரத்தில் பச்சையப்பரின் பெயரால் நடக்கும் கைங்கரியங்களும் தேர்ப் பராமரிப்பும் அந்த அறக்கட்டளையின் பொறுப்பிலேயே இருந்து வருகின்றன.